ரேவதி பெயரை நான்தான் அடித்தேன், கல்பனா

என் கல்பனாவுக்கு,

முறைப்படி உன்னை அண்ணி என்றுதான் எழுத வேண்டும். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள் நீ. ஆனால் அதற்கு ஏழு வருடம் முன்பே நாம் ஒரே பள்ளிக்கூட டீமில் கபடி ஆடியவர்கள். கல்யாண மேடையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு, "அண்ணி கிண்ணினு கூப்பிட்ட, காலை வாரி விட்ருவேன்டி" என்று என் காதில் சொன்னாய். ஐயர் உன்னை முறைத்துப் பார்த்தார். அதனால் பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஆறு நாள் காய்ச்சலில் ஒருத்தி இல்லாமல் போய்விட முடியும் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணன் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான். கபடி என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுப்பதில்லை. டிவியில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

இந்தக் கடிதத்தை நான் சந்தோஷமாக எழுதவில்லை. நீ எட்டு வருடம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த டீமை நான் பத்தே மாதத்தில் உடைத்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நம் பொண்ணுங்கள் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். நமக்கு ஸ்பான்சர் பண்ணும் மனோகர் சாரும் வந்தார். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், "டீமை இனி ஜெயந்தி பாத்துக்கட்டும்" என்றார். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவள் நான். கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, மனு டைப் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். ஆளைத் தேர்ந்தெடுப்பதும் ஆட்டத்தை நடத்துவதும் எப்போதும் உன் வேலை. ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். வேண்டாம் என்று சொன்னால் நீ இன்னொரு தடவை செத்துப்போவாய் என்று தோன்றியது.

சீசன் தொடங்கும் முன் மனோகர் சார் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர் பிளாட் போட்டு விற்கிறவர் இல்லையா, சுவர் முழுக்க லேஅவுட் படம். விற்றுப்போன மனைக்கெல்லாம் சிவப்பு அடித்திருந்தார். நானும் ஒரு மனை மாதிரிதான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாம்மா, ரெண்டு வருஷமா செமி பைனலோட நிக்கிறீங்க. இப்ப கல்பனாவும் இல்ல. ரைடு போயி பாயின்ட் எடுக்க ஆள் வேணாவா? வெளியூர்ல இருந்து நல்ல ரைடரா ஒண்ணு எடு."

"பணம் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுவீங்களா சார்?"

"அதே பணம்தான். இருக்கறவங்களுக்கு கம்மி பண்ணு. ஆட்டத்துல நிக்கறது ஏழு பேரு. எதுக்கும்மா பன்னெண்டு?"

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் என் கஷ்டம். நீ இல்லாமல் நமக்கு ரைடு போக யார் இருந்தார்கள்? சத்யா நன்றாகப் போவாள், ஆனால் ஒரு ஆட்டம் முழுக்கத் தாங்க மாட்டாள். அதனால் தேட ஆரம்பித்தேன். கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து நிஷா கிடைத்தாள். வயது இருபத்தொன்று. அவள் ஆடிய வீடியோவை என் கடை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஓடிப்போய்த் தொட்டுவிட்டுத் திரும்பும்போது இடுப்பை ஒரு வெட்டு வெட்டுகிறாள் பார், எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. அங்கேதான் நான் ஏமாந்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் கேட்ட சம்பளம், ஆட்டத்தில் நிற்கும் மற்ற ஆறு பேருக்கும் சேர்த்து நாம் கொடுப்பது. கேப்டனிலிருந்து கடைசியாக வந்தவள் வரை எல்லாருக்கும் ஒரே ஆட்டக்காசு என்பது நீ வைத்த சட்டம். உனக்கும் அதேதான் எடுத்துக்கொண்டாய். அதை நான் முதல் மாதத்திலேயே மீறினேன். எல்லாருக்கும் பாதியாக்கினேன். அப்படியும் இடித்தது. ஒருத்தியைக் கழித்தாக வேண்டும்.

இடது ஓரத்தில் நிற்க, லெப்ட் கார்னருக்கு இரண்டு பேர் இருந்தார்கள், ரேவதியும் தீபாவும். தீபாவுக்குக் காலேஜிலேயே ஷூவும் பஸ் பாஸும் கொடுத்துவிடுகிறார்கள், நமக்குச் செலவு கம்மி. உயரமான பெண். ரேவதி செங்கம் ரோட்டில் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் போர்வையும் பெட்ஷீட்டும் துவைக்கிறவள். பௌர்ணமி கிரிவலம் வந்தால் ரூம் எல்லாம் நிரம்பி மூன்று நாள் அவளால் அசைய முடியாது. அது உனக்குத் தெரியும். அவளுக்காகவே அந்த நாட்களில் பிராக்டிஸை நிறுத்தி வைத்தாய். நான் அதையே எடுத்து அவள் கழுத்தில் மாட்டினேன். "பிராக்டிஸுக்கு ஒழுங்காக வருவதில்லை" என்று எனக்கு நானே ஒரு காரணம் டைப் அடித்துக்கொண்டேன்.

ஒரு கணுக்காலைப் பிடித்தால் ரேவதி விடமாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? அவளை லெப்ட் கார்னரில் நிறுத்திவிட்டால் அந்தப் பக்கம் நீ திரும்பியே பார்க்க மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

தெரிந்தும் அவள் பெயரை அடித்தேன். பட்டியலை டைப் செய்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அவளுக்கு ஒரு போன் செய்யவில்லை. அவள் குரலைக் கேட்டால் பேச்சு வராது என்று பயம். பத்து நிமிடம் கழித்து "சரிக்கா" என்று ஒரே வார்த்தை வந்தது. அப்புறம் அவள் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டதாகக் காட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் கல்பனா, அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. சண்டை போடாமல் போய்விட்டாளே என்று.

முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். நிஷா பறந்தாள். ஜெயந்தி கெட்டிக்காரி என்று மனோகர் சார் போனில் சொன்னார். நானும் நம்பினேன். மூன்றாவது ஆட்டத்துக்குப் போகும்போது பஸ்ஸில் நிஷா தன் சம்பளத்தை வெகுளியாகச் சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் அவ்வளவு என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை சத்யா என் கடைக்கு வந்தாள். திங்கட்கிழமை மனு நாள் என்பது உனக்குத் தெரியும், கடையில் நிற்க இடம் இருக்காது. பட்டா கேட்டும் பென்ஷன் கேட்டும் வந்தவர்களுக்கு நடுவே நின்று அவள் கேட்டாள்.

"நிஷாவுக்கு எவ்ளோக்கா?"

"அப்புறம் பேசலாம் சத்யா. ஜனங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும். எங்க ஆறு பேர் காசும் அவளுக்குப் போவுதா, இல்லையா?"

"அவ ரைடர்டி. மார்க்கெட்ல அவளுக்கு அந்த ரேட்டு."

"கல்பனாக்காவும் ரைடர்தான். எங்க அளவுக்குத்தான் வாங்குனாங்க."

அப்போது என் வாயிலிருந்து வந்ததை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? "கல்பனா இல்லடி இப்போ! அதனாலதான் காசு குடுத்து ஆள் எடுக்க வேண்டியிருக்கு" என்று கத்தினேன். மனுவோடு நின்ற ஒரு அம்மா பயந்து பின்னால் போனாள்.  சத்யா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் நம் டீம் டீமாக ஆடவில்லை. யாரும் வேண்டுமென்று தோற்கவில்லை, அதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் கைகோத்து நிற்கும்போது விரல் இறுகவில்லை. எதிராளி உள்ளே வந்தால் ஒருத்தி பாய்வாள், அடுத்தவள் பின்னால் வருவதற்குள் ஆள் கோட்டைத் தாண்டியிருப்பாள். லெப்ட் கார்னரில் தீபா தனியாகத் திண்டாடினாள். தொடர்ந்து மூன்று ஆட்டம் போனது.

பிறகு ஒரு நாள் மதியம் நிஷா போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"அக்கா, வேற டீம்ல வேலை போட்டுத் தர்றேங்கறாங்க. நிரந்தர வேலை. எங்க வீட்ல அம்மாவும் நானும் மட்டும்தான். என்னைத் திட்டாதீங்கக்கா."

நான் எப்படித் திட்டுவேன்? அவள் இடத்தில் நீயும் நானும் இருந்தால் போயிருக்க மாட்டோமா? "நல்லா இரும்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். ரைடரும் இல்லை, கார்னரும் இல்லை. இருக்கிற பொண்ணுங்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என்னை ஏன் இதில் விட்டுவிட்டுப் போனாய் என்று உன்னைத்தான் வாய்விட்டுத் திட்டினேன். உனக்குக் கேட்டதா?

இதற்கு நடுவே சீசனின் கடைசி டோர்னமென்ட் நம்ம ஊரிலேயே என்று முடிவானது. மனோகர் சாருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஊரு முழுக்க பேனர் வைக்கறேன், என் போட்டோவோட. மொத ரவுண்டுல தோத்தீங்கன்னா எனக்கு இன்னாம்மா மரியாதை? நாலு பேரை வெளியில இருந்து எடு. ஆள் நான் பாத்து வெச்சிட்டேன். நீ நாலு பேரை கழிச்சிட்டு லிஸ்ட்டு குடு. வெள்ளிக்கிழமை கடைசி."

"பேருக்காவது நம்ம ஊர் பொண்ணுங்க வேணாவா சார்?"

"டீம் பேர்ல ஊர் பேர் இருக்குதுல்ல, அது போதும்."

வியாழக்கிழமை வரை பதினோரு பெயர்களையும் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு பெயரை அழித்துப் பார்ப்பேன், திரும்பச் சேர்ப்பேன். வேறு நாலை அழிப்பேன். யாரைக் கழித்தாலும் அவள் வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் என்னைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தபோது, தாங்க முடியாமல் அவனிடமே கேட்டேன்.

"கல்பனா எப்படிண்ணா லிஸ்ட் போடுவா? உன்கிட்ட காட்டுவாளா?"

உன் பெயரைக் கேட்டதும் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். ஆட்டோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"எங்கிட்ட காட்ட மாட்டா. கிரவுண்டுல உக்காந்து பொண்ணுங்ககிட்டதான் படிப்பா. ஒருத்தி வேணாம்னா அவ எதிர்லயே சொல்லுவா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டா."

அவ்வளவுதான் சொன்னான். எட்டு வருடம் உன் பக்கத்தில் இருந்தும் இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

வெள்ளிக்கிழமை காலை பிராக்டிஸுக்கு முன்பு எல்லாரையும் வேங்கிக்கால் மனையில், மனோகர் சார் வாங்கிப் போட்ட கபடி மேட் மேல் உட்கார வைத்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நிஷாவுக்குக் கொடுத்தது, அவர்களுக்குக் குறைத்தது, ரேவதியைக் கழித்த விதம், இப்போது மனோகர் சார் கேட்பது, எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் உடைந்துவிட்டது. யாரும் வந்து தேற்றவில்லை. எனக்கு அது தகும்.

தீபாதான் முதலில் பேசினாள். "ரேவதியக்கா இடம் எனக்கு இதனாலதான் கெடச்சுதா? நான் நல்லா ஆடறேன்னு நெனச்சேன்க்கா."



சத்யா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தோத்தாலும் நாங்களே தோக்கறோம். வெளிய இருந்து ஆள் வேணாம். நீங்க போய் அவர்கிட்ட சொல்லுங்க. அப்பறமா உங்களை என்னா பண்றதுன்னு பாக்கறோம்."

மனோகர் சாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. "சரிம்மா. மேட்டும் என்னுது, மனையும் என்னுது. அதுவும் ஞாபகம் இருக்கட்டும்" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கே வேங்கிக்கால் மனைக்கு மினி லாரி வந்து நின்றது. நம் பொண்ணுங்களே மேட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, புழுதியைத் தட்டி, லாரியில் ஏற்றினார்கள். டிரைவர் பாவம், "நான் ஏத்திக்கறேன் விடுங்கம்மா" என்றார். கேட்கவில்லை. கடைசித் துண்டைத் தூக்கியபோது கீழே புல் வெளுத்துப்போய்ச் சதுரமாகக் கிடந்தது. நீ டேப் ஒட்டி வைத்த கோடுகளும் அந்த லாரியிலேயே போய்விட்டன.

ஆனாலும் ஆடினோம். சொந்தக் காசில் நுழைவுக் கட்டணம் கட்டி, ஸ்பான்சர் பெயருக்கு மேல் துணி வைத்துத் தைத்த பனியனோடு ஆடினோம். முதல் ஆட்டம் பக்கத்து ஊர் டீமோடு. அவர்கள் பச்சை ஜெர்சியில் வரிசையாக உள்ளே வந்தபோதுதான் பார்த்தேன். அவர்களுடைய லெப்ட் கார்னரில் போய் நின்றவள் ரேவதி. கையில் கேப்டன் பட்டை கட்டியிருந்தாள்.

உனக்கு ஆட்டத்தை முழுதாகச் சொல்ல ஆசைதான். சத்யா உயிரைக் கொடுத்து ஆடினாள். பொண்ணுங்கள் விரலை விடவில்லை. கடைசி ரைடு வரும்போது ஒரே ஒரு பாயின்ட் பின்னால் இருந்தோம். ஒருத்தியைத் தொட்டு வந்தால் சமன். சத்யா போனாள். எதிர்ப்பக்கம் கையை வீசிப் பாவனை காட்டிவிட்டு லெப்ட் கார்னர் பக்கம் காலை நீட்டினாள். நீ கற்றுக்கொடுத்த வித்தை. ரேவதி அதற்காகவே காத்திருந்தவள் போலப் படுத்துப் பாய்ந்து கணுக்காலை வாரிக்கொண்டாள். சத்யா கோட்டை நோக்கி இழுத்தாள், இழுத்தாள், முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. ரேவதி விடவில்லை.

விசில் அடித்தபோது என் கை தட்டப் போனது, கல்பனா. நம் தோல்விக்கு. அவ்வளவு அழகான பிடி. பாதியில் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்து தண்ணீர் கேன் பக்கத்தில் ரேவதி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வீட்டிலேயே ஒத்திகை பார்த்த வார்த்தைகள் இருந்தன. 

"நல்லா பிடிச்ச" என்றுதான் வந்தது.

"உம்" என்றாள். துண்டால் முகத்தைத் துடைத்தாள். போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நம் பொண்ணுங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள்.

"அந்த தீபாகிட்ட சொல்லுங்கக்கா. தொடையைப் பிடிக்கறப்போ தலையை முன்னாடி விடுறா. முட்டி வந்து இடிச்சா கழுத்து போயிரும். தலை எப்பவும் பின்பக்கம் இருக்கணும். இன்னிக்கே ரெண்டு தடவ பாத்தேன், எனக்கு பக்குனு ஆச்சு."

"நீ ஒரு நாள் வந்து சொல்லித் தர்றியா?"

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் டீம் கூப்பிட்டது. போய்விட்டாள்.

இப்போது எங்கள் நிலைமை இதுதான். அரசுப் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் காலையில் ஒன்றரை மணி நேரம் மைதானம் தருகிறார். மண் தரை. கல் பொறுக்கிவிட்டுத்தான் ஆட வேண்டும். பதினோரு பேரில் மூன்று பேர் வீட்டில் இனிமேல் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்பான்சர் இல்லை. அடுத்த சீசனுக்கு ஊர் ஊராக எப்படிப் போகப்போகிறோம் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. அண்ணன் காலையில் ஆட்டோவில் என்னை இறக்கிவிட்டுக் கேட் அருகே கொஞ்ச நேரம் நிற்கிறான். உள்ளே வருவதில்லை. சத்யா என்னோடு பேசுகிறாள், ஆனால் ஆட்டத்தைப் பற்றி மட்டும். உன்னிடம் சிரித்ததைப் போல என்னிடம் எப்போதாவது சிரிப்பாளா?

தீபாவுக்குத் தினமும் சொல்கிறேன். "தலை பின்னால, தலை பின்னால" என்று. கார்னரில் ஒரு நாள்கூட நின்றிராதவள் நான், காட்டித்தர எனக்குத் தெரியவில்லை. அவள் ஒவ்வொரு தடவை பாயும்போதும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை கடையைத் திறக்கும் முன் செங்கம் ரோட்டுக்குப் போகிறேன். அந்த கெஸ்ட் ஹவுஸின் பின்வாசலில், கொடியில் பெட்ஷீட் காயப்போடும் இடத்தில் ரேவதி இருப்பாளாம். டீமுக்குத் திரும்பி வா என்று கேட்க மாட்டேன். அந்த உரிமை எனக்கில்லை. அவள் மூஞ்சியைப் பார்த்து, "உன் பேரை நான்தான் அடிச்சேன். நீ சரியா ஆடாததால இல்ல, உன்னைக் கழிச்சா கேக்க ஆள் இல்லைனுதான்" என்று சொல்லிவிட்டு வருவேன். அவள் திட்டினால் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அவள் ஒன்றும் பேசாமல் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாலும், முடிக்கும் வரை நிற்பேன்.

உன் நாத்தனார்,
ஜெயந்தி